துவக்கின் இரண்டு எண்கள்

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் வகையைச் சேர்ந்த கட்டுரை இது. எனக்கு இருபத்தாறு வயது. ஆறு வருடம் செய்த ஒரு வேலையிலிருந்து சென்ற மாதம் விலகினேன். அந்த வேலையும் நான் செய்த விதத்தில் இனி இல்லை. எங்கள் நிறுவனம் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுகிறார்கள். என் இடத்துக்கு வந்த இருவரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: படம் தெளிவாக இருக்கும்போது எண்ணை ஏன் இரண்டு தரம் வாய்விட்டு வாசிக்கவேண்டும்? வாயால் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லவேண்டும். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே கரடிக்கும், மூஸ் என்ற பெரிய மானுக்கும் வேட்டை அனுமதி உண்டு. அதற்காக ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். பலர் தங்கள் சொந்தத் துவக்கையே, அதாவது துப்பாக்கியையே, கொண்டுவருவார்கள். பழகிய துவக்கை விட்டுவிட்டு இன்னொன்றை வாடகைக்கு எடுப்பது அவர்களுக்கு இன்னொருவருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போல. துவக்கோடு இறங்குகிறவர் சுங்க அதிகாரியிடம் ஒரு படிவம் கொடுக்கவேண்டும், மூன்று படிகளில், அதாவது மூன்று பிரதிகளாக. துவக்கின் வகை, நீளம், எண், எதற்காகக் கொண்டுவருகிறார், எங்கே போகிறார். அதிகாரி துவக்கைப் பார்த்து, படிவத்தைப் பார்த்து, கட்டணத்தை வாங்கி ஒப்பமிட்டால் அந்தத் தாள்தான் அறுபது நாளைக்கு அவருடைய உரிமப் பத்திரம். அந்தப் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பி அனுப்புவதும், ஆள் இறங்கும் நாளில் சுங்க மண்டபத்தில் கூட நிற்பதும் எங்கள் வேலை.

அலுவலகம் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில், ஒரு ரயர்க் கடையின் மேல்மாடியில். கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் ஓடும்போது எங்கள் மேசையில் பேனாக்கள் உருளும். பகுதிநேரமாக ஆள் தேவை என்று விளம்பரம் இருந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் இரண்டாம் வருடம். தட்டச்சு தெரியும், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதிப் போட்டேன். கையெழுத்துக்காகத்தான் எடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

அம்மா இதை ஏற்கவில்லை.

"துவக்கிலை இருந்து தப்பி வந்த குடும்பம். பிள்ளை துவக்குக்கு ஃபோம் நிரப்பப் போகுதாம்."

"வேட்டைக்காரருக்கு அம்மா."

"ஆருக்கெண்டால் என்ன? சனம் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

சனம் கேட்டபோது அம்மா "கஸ்ரம்ஸிலை வேலை" என்று சொன்னார். சுங்கத்தோடுதான் வேலை, ஆகவே அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு கல்யாணப் பேச்சுகள் அதை நம்பி வந்து போயின.

நிறுவனத்தை நடத்தியவர் ஹனீபா நானா; நானா என்றால் இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். கொழும்புத் துறைமுகத்தில் பதினைந்து வருடம் வாஃப் கிளார்க்காக இருந்தவர்; கப்பலில் வந்த பொருளைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுப்பது அவருடைய தொழில். ரொறன்ரோவுக்கு வந்து அதே தொழிலை விமானத்துக்கு மாற்றிக்கொண்டார். அவரைப் பற்றிச் சொல்ல மூன்று விடயங்கள் உண்டு. ஒன்று, அவர் துவக்கை ஒருநாளும் துவக்கு என்று சொன்னதில்லை. "சாமான்" என்பார். அலுவலகத்திலும் அப்படித்தான், விமான நிலையத்தில் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் உரக்கச் சொல்லக்கூடாது என்பது விதி. இரண்டு, சுங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் அழைத்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. அழைப்பு முடிந்து, தொலைபேசியை வைத்து, சட்டையை இழுத்துவிட்ட பிறகே உட்காருவார். மூன்று, அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அவருடைய அதிருப்தியை வேறு அடையாளங்களால் படிக்கவேண்டியிருந்தது.

பயிற்சி நான்கு கிழமை, ஏறக்குறைய ஒரு மாதம். ஒரே பாடம்: எண். ஒவ்வொரு வாடிக்கையாளரும் இரண்டு படங்கள் அனுப்பவேண்டும். ஒன்று முழுத் துவக்கு. மற்றது இரும்பில் பொறித்த எண், பக்கத்தில் அன்றைய திகதியைக் கையால் எழுதிய ஒரு துண்டுத் தாள். அவருடைய நாட்டு உரிமப் பத்திரத்தில் இருக்கும் எண்ணை நம்பக்கூடாது. பத்திரம் இன்னொரு எழுதுவினைஞர் எழுதியது, அவருக்கும் மத்தியானத்தில் தூக்கம் வந்திருக்கும் என்பார் நானா. படத்தைப் பார்த்து ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதுவார். பிறகு எழுதியவர் படத்தைப் பார்த்து வாசிக்க, வாசித்தவர் எழுதியதைச் சரிபார்ப்பார். அதற்குப் பிறகு, அந்த வாடிக்கையாளரின் தாள்களைச் சேர்த்து வைக்கும் கோவையின் முகப்புத் தாளில் "படத்தில் பார்த்தது" என்ற கட்டத்துக்குள் எழுதியவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடவேண்டும்.

இரண்டாவது நாளே ஓர் எட்டை மூன்றாக வாசித்தேன்.

"மகள், உங்கட யுனிவர்சிட்டில எட்டும் மூண்டும் ஒண்டா?"

"எண் தேய்ஞ்சிருக்கு நானா."

"தேய்ஞ்சா தேய்ஞ்சிருக்கு எண்டு சொல்லுங்க. மூண்டு எண்டு சொல்லாதீங்க."

இலக்கிய வகுப்புகளில் எனக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் கிடைத்ததாக நினைவில்லை.

கடைசி நடைமுறை கையெழுத்து. படிவத்தைப் பயணி முன்கூட்டி ஒப்பமிடக்கூடாது. சுங்க அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒப்பமிடவேண்டும். இது எங்கள் விதி அல்ல, படிவத்தின் விதி. தபாலில் அனுப்பும்போது கையெழுத்துக் கட்டத்தின் மேல் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டுவேன். அதில் "அதிகாரியின் முன் மட்டும்" என்று ஆங்கிலத்திலும் பயணியின் மொழியிலும் எழுதியிருப்பேன். ஆறு வருடத்தில் அந்த ஒரு வரியைப் பதினொரு மொழிகளில் எழுதக் கற்றுக்கொண்டேன். அம்மொழிகளில் எனக்கு வேறொன்றும் தெரியாது.

மண்டபத்தில் பெரும்பாலான நாட்கள் சலிப்பானவை. என் அனுமதி அட்டையோடு ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்பேன். அதிகாரி கேட்டாலன்றிப் பேசக்கூடாது. பிரான்சிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகனும் நினைவில் இருக்கிறார்கள். இரண்டு துவக்குகளும் பத்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு பைக்குள்ளிருந்து வீட்டில் செய்த உலர் இறைச்சிச் சொசேஜ் ஒன்பது வந்தது. அதற்கு ஒரு மணித்தியாலம். தகப்பன் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை வாதாடவில்லை. சொசேஜுக்காக ஏறக்குறைய அழுதார். நானாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஃபோம் இல்லாத சாமானுக்குத்தான் மகள் கரைச்சல்" என்றார்.

இனி நான் சொல்ல வந்த விடயம். அது என் நான்காவது வருடம்.

நோர்வேயிலிருந்து ஐந்து பேர் கொண்ட வேட்டைக் குழு ஒன்று பதிவு செய்திருந்தது. நான்கு பெயர்கள் நோர்வேஜியப் பெயர்கள். ஐந்தாவது தமிழ்ப் பெயர். அவரை நேசன் அண்ணை என்று இங்கே அழைக்கிறேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ" என்றார். மாற்றியிருக்கிறேன்.

நால்வரின் படங்களும் வந்துவிட்டன. நேசன் அண்ணையின் படம் வரவில்லை. இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். ஆங்கிலத்தில் தடுமாறியவர், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, உந்தப் படம் கட்டாயமோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு படம். முழுசா ஒண்டு, நம்பர் ஒண்டு."

"படம் எடுக்க ஏலாது. துவக்குப் படம் என்ரை ஃபோனிலை இருக்கக்கூடாது."

அவருடைய குரலில் பிடிவாதம் இல்லை. தன் உடம்புக்கு ஒவ்வாத ஒரு மருந்தைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. காரணம் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் படப் பெட்டியிலும் இலங்கைப் போர்க் காலத்துப் படங்கள் சில பாதியாக வெட்டப்பட்டிருக்கின்றன. யார் வெட்டப்பட்டார்கள் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. நோர்வேஜியர்கள் நால்வரில் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால், படமில்லாமல் படிவமில்லை என்று மரியாதையாக எழுதியிருப்பேன். நேசன் அண்ணையிடம் சொன்னது இது:

"பரவாயில்லை அண்ணை. நம்பரை வாசியுங்கோ, நான் எழுதுறன். லைசன்ஸைப் பார்த்து வாசியாதேங்கோ. இரும்பைப் பார்த்து வாசியுங்கோ."

அவர் துவக்கை எடுத்துவரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நானா அன்று வேறு ஒரு குழுவோடு விமான நிலையத்தில் நின்றார். ஆகவே நானே திருப்பி வாசித்தேன், நானே சரிபார்த்தேன். சரிபார்த்தது என் கையெழுத்தை, துவக்கை அல்ல. அது அப்போது தோன்றவில்லை. முகப்புத் தாளில் "படத்தில் பார்த்தது" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுத எனக்கு வராது. அந்த வெறுமையை நானா கவனிப்பார், கேட்டால் சொல்லலாம் என்று ஒரு நினைப்பும் இருந்தது. ஆனால் நானா என் கோவைகளைத் திறந்து பார்ப்பதை இரண்டு வருடம் முன்பே நிறுத்தியிருந்தார்.

வைக்கும் முன் நேசன் அண்ணை இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மா ஸ்காபரோவில், டோர்செட் பார்க் மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அம்மாவைப் பார்க்க வருவார். இம்முறை வேட்டை முடிந்து அங்கே ஒரு கிழமை. "அம்மாவுக்கு நான் வேட்டைக்குப் போறது தெரியாது. ஃபோன் கீன் எடுத்துப் போடாதேங்கோ" என்றார்.

செப்ரெம்பர் கடைசியில் ஐவரும் வந்திறங்கினார்கள். மூன்று மணித்தியாலத்தில், வடக்கே வேட்டைக்காடுகளுக்கு அருகிலுள்ள தண்டர் பே போகும் விமானம். நேசன் அண்ணை ஐம்பது கடந்தவர், மெலிந்தவர், நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை. வடக்கு நோர்வேயில் ஒரு ஊரில் பனி அகற்றும் லொறி ஓட்டுகிறார். குழுத் தலைவர் ஓலாவ் என்ற பெரிய உருவம். நேசன் அண்ணையின் தோளில் கையைப் போட்டு நோர்வேஜிய மொழியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"போன வருசம் நோர்வேயிலை நான் சுட்ட மானை இவங்கள் நாலு பேர் தூக்கினவங்கள். இந்த வருசம் சின்ன மானாப் பார்த்துச் சுடட்டாம்."

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். நான்கு துவக்குகளும் சீராக முடிந்தன. ஐந்தாவது பெட்டியை அவர் திறந்து, துவக்கைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி துவக்கைப் பார்த்தார். மூன்றாவது தரம் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது.

துவக்கில் இரண்டு எண்கள் இருந்தன. குழாயை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். புதுக் குழாய்க்குத் தனியாக ஓர் எண். நேசன் அண்ணை எனக்கு வாசித்தது குழாயில் இருந்ததை. சட்டம் கேட்பது, குண்டு ஏறும் உடற்பகுதியில் உள்ளதை. அவருடைய நோர்வே உரிமப் பத்திரத்தில் இருந்ததும் அதுதான். அந்தப் பத்திரத்தைப் பார்த்து வாசிக்கவேண்டாம் என்று சொன்னவள் நான். முழுப் படம் ஒன்று இருந்திருந்தால், எண் எந்த இடத்தில் என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். விதியில் பாதியைக் கைக்கொண்டேன். அந்தப் பாதிதான் பிழையைச் செய்தது.

"படிவத்தில் உள்ள துவக்கு இங்கே இல்லை. இங்கே உள்ள துவக்கு படிவத்தில் இல்லை" என்றார் அதிகாரி. ஆங்கிலத்தில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது.

ஒப்பமிடாத படிவமென்றால் அது வரைவு, அடித்துத் திருத்தலாம். அந்த நம்பிக்கையோடுதான் நின்றேன். அதிகாரி மஞ்சள் ஒட்டுத்தாளை நகத்தால் உயர்த்தினார். கீழே கையெழுத்து இருந்தது. நேராக, அழகாக, மூன்று படிகளிலும். ஒப்பமிட்டுவிட்டு ஒட்டுத்தாளைப் பழையபடி ஒட்டியிருந்தார். என் கையால் எழுதிய "அதிகாரியின் முன் மட்டும்" என்ற தமிழ் வரி அதிகாரியின் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இப்போது அது வரைவு அல்ல. பொய்யான எண்ணோடு ஒப்பமிட்ட அறிவிப்பு. அதிகாரி துவக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களைக் கண்ணாடிச் சுவர் வைத்த பக்க அறைக்குள் வரச் சொன்னார். என்ன நடக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார்: துவக்கைத் தடுத்து வைக்கலாம், பொய் அறிவிப்பு என்று அவருடைய பெயரில் பதிவு எழுதலாம், அந்தப் பதிவு அழியாது. நேசன் அண்ணைக்குப் பாதி விளங்கியது. மீதியைச் சொன்னேன்.

"துவக்குப் போனால் போகட்டும் தங்கச்சி. பேர் எழுதினால் ஒவ்வொருமுறை வரேக்கையும் உந்தக் கதிரையிலையோ இருக்கவேணும்?"

"அப்பிடித்தான் அண்ணை. மறிச்சுக் கேப்பினம்."

"அம்மாவுக்கு எண்பத்தொண்டு. எயார்போட்டுக்கு வந்து பாத்துக்கொண்டு நிக்கிற ஆள்."

கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணை முன்னமே சைன் பண்ணினீங்கள்?"

"ஒப்பீசர் முன்னாலை எனக்குக் கை நடுங்கும். வீட்டிலை வைச்சால் நேரா வரும்."

அதிகாரி நான் கொண்டுவந்திருந்த ஐந்து கோவைகளையும் வாங்கி மேசையில் பரப்பினார். நான்கு முகப்புத் தாள்களில் என் முதலெழுத்துகள். ஐந்தாவதில் வெறுங் கட்டம். அவர் அதில் விரலை வைத்தார்.

"மற்ற எல்லோரும் படம் அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஏன் அனுப்பவில்லை? அவரிடம் கேள். அவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்."

கேட்டேன். நேசன் அண்ணை கதவைப் பார்த்தார். வெளியே வாங்குப் பலகையில் ஓலாவும் மற்ற மூவரும் பைகளோடு இருந்தார்கள்.

"எனக்கு ஒரு தம்பி. பள்ளிக்கூட நாடகத்திலை நடிச்சவன். மரத்திலை ஒரு துவக்குச் செய்து, கறுப்பு மை பூசி. அதோடை நிண்டு ஒரு படம் எடுத்தவன். ஆமி சுற்றிவளைச்சுச் செக் பண்ணேக்கை வீட்டிலை அந்தப் படம் அம்பிட்டுது. மரத் துவக்கெண்டு அம்மா காலிலை விழுந்து சொன்னவ. கொண்டு போனவங்கள். அவ்வளவுதான்." பிறகு, அதே குரலில்: "உதை இவவுக்குச் சொல்லவேண்டாம் தங்கச்சி. மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ."

அதிகாரி காத்திருந்தார். பதில் நீளமாக இருந்ததை அவரும் கேட்டிருந்தார். "மறந்துவிட்டார்" என்பது ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். சொல்லியிருந்தால் அது ஒரு சுங்க அதிகாரியிடம் மொழிபெயர்ப்பாக நான் சொன்ன பொய்; பொய் அறிவிப்பு என்று அவர்மேல் எழுதப்படவிருந்ததைப் பிழை என்று நிரூபிக்க இன்னொரு பொய். அவர் சொன்னதை முழுதாகச் சொல்லியிருந்தால், முப்பது வருடமாக அவர் தன்னிடம் ஒரு படமாகக்கூட வைத்திருக்காத ஒன்றை ஓர் அலுவலகக் குறிப்பில் ஏற்றியிருப்பேன். எனக்குப் பேச்சு இயல்பாக வருவதில்லை. அன்று எழுத்தில் இருப்பது போல வாக்கியத்தை முதலில் மனதுக்குள் கட்டி, பிறகு சொன்னேன்.

"அவர் பதில் சொன்னார். அதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்று என்னைக் கேட்டார். ஆகவே இந்தக் கேள்விக்கு நான் அவருடைய மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது. நீங்கள் வேறு ஒருவரை அழைக்கலாம். ஆனால் நிறுவனத்தின் ஆளாக நான் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. படம் இல்லாமல் படிவம் தயாரிக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அவர் படம் தர விரும்பவில்லை. நான் தொலைபேசியில் எண்ணை எடுத்தேன். பத்திரத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொன்னதும் நான். பிழையான எண் என்னுடையது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டார். "இதை எழுதித் தருவாயா?"

"தருவேன்."

எழுதினேன். ஒரு பக்கம். கீழே ஒப்பமிட்டேன், அவர் பார்த்துக்கொண்டிருக்க. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நேசன் அண்ணையின் படிவத்தை எடுத்து, கையெழுத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இவர் ஒப்பமிட்டபோது எந்தச் சுங்க அதிகாரி பார்த்தார்?"

"எவரும் பார்க்கவில்லை."

"அப்படியென்றால் என் முன்னால் அறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு தாள் இருக்கிறது."

மூன்று படிகளுக்கும் குறுக்கே கோடு இழுத்தார். புதிய படிவத்தை எடுத்தார். துவக்கைக் காட்டி, நேசன் அண்ணையிடம் நேரடியாக, மெதுவான ஆங்கிலத்தில், எண்ணை வாசிக்கச் சொன்னார். நேசன் அண்ணை குழாயைத் தாண்டி உடற்பகுதியில் விரலை வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தார். அதிகாரி எழுதினார். பிறகு அதிகாரி இரும்பைப் பார்த்து வாசிக்க, அவர் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன். கடைசியில் பேனாவை நீட்டினார்.

கையெழுத்து வளைந்து, கோட்டுக்குக் கீழே இறங்கி, முடிவில் கிழிந்தது போல் நின்றது. வீட்டில் வைத்ததோடு ஒப்பிட்டால் வேறொருவருடையது என்றே சொல்வார்கள். அதிகாரி அதன் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். அதுதான் செல்லுபடியானது.

தண்டர் பே விமானம் போய்விட்டது. ஓலாவும் மற்றவர்களும் அதில் போகவில்லை. நால்வரும் போகலாம் என்று விமான நிறுவனத்தார் சொன்னதற்கு, "நால்வராகப் போனால் மானைச் சுடுவது யார்?" என்று கேட்டதாக ஓலாவ் என்னிடம் சொன்னார். மறுநாள் காலை ஐவரும் போனார்கள்.

நானா அலுவலகத்தில் இருந்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடியும்போது அவர் எழுந்து நின்றார். அதிகாரிகளின் அழைப்புக்கு நிற்பது போல, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, முடியும்வரை நின்று கேட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"படம் ஏன் கேக்கல்ல?"

"அவர் எங்கடை ஆள் எண்டு..."

"எங்கட ஆள் எண்டா இன்னும் ஒருக்கா கேக்கணும் மகள். மத்தவன் பிழைவிட்டா ஒபிசர் பிழை எண்டு எழுதுவான். எங்களுக்கு வேற மாதிரி எழுதுவான்."

அவர் உட்காரவில்லை. "அனுமதி அட்டையை மேசையில வைங்க. அடுத்த சீசன் முடியும்வரை ஒபிஸ் வேலை."

வைத்தேன். நேசன் அண்ணையின் தம்பியைப் பற்றி நானாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அட்டை திரும்பக் கிடைத்திருக்கலாம். விமான நிலையத்திலிருந்து நிறுவனத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நானா அதைச் சட்டகமிட்டு மாட்டவும் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. கோவையில் அதற்குரிய இடத்தில் வைத்தார். ஒரு வருடம் மேல்மாடியில் உருளும் பேனாக்களோடு இருந்தேன். அம்மா மட்டும் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் அதே குழு மீண்டும் பதிவு செய்தது. நால்வரின் படங்களும் ஒரே நாளில் வந்தன. ஐந்தாவதற்கு நினைவூட்டல் அனுப்பவேண்டியது என் பொறுப்பு. வாசகத்தை எழுதி வைத்தேன். அனுப்பாமல் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள், நானாவின் வாக்கியம் நினைவில் இருந்ததால், அனுப்பினேன். இரண்டு படங்கள் தேவை அண்ணை, விதிவிலக்கு இல்லை என்று.

பதில் ஐந்து நாள் வரவில்லை. ஆறாம் நாள் காலை, கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு படங்கள் வந்தன. முதலாவதில் முழுத் துவக்கும் ஒரு சமையலறை மேசைமேல் கிடந்தது. மேசைவிரிப்பில் சின்னச் சின்ன நீலப் பூக்கள். இரண்டாவதில் உடற்பகுதியின் எண். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள், அதில் திகதி. எழுத்து நடுங்கியிருந்தது. கீழே ஒரு வரி:

"கிடைச்சதும் சொல்லுங்கோ தங்கச்சி. இஞ்சை அழிக்கவேணும்."

நானாவைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்து எண்ணை வாசிக்க, நான் எழுதினேன். பிறகு நான் படத்தைப் பார்த்து வாசிக்க, அவர் என் எழுத்தின் கீழ் விரலை ஓடவிட்டுச் சரிபார்த்தார். ஓர் எட்டு தேய்ந்திருந்தது. தேய்ந்திருக்கிறது என்று சொன்னேன். முழுப் படத்தைப் பெரிதாக்கி, எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று இருவரும் பார்த்தோம். கட்டத்துக்குள் முதலெழுத்துகளைப் போட்டேன்.

அதுவரை அவரைக் காக்கவைத்தது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகுதான் எழுத முடியும்.

"கிடைத்தது அண்ணை. இரண்டு தரம் வாசித்தோம். இனி அழிக்கலாம்."